பனி ஈரமா, காய்ந்ததா?

நான் வேலை செய்த கொம்பனி போன மாதம் தன் இணையத்தளத்தில் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறது. உங்கள் சின்ன ட்ரக்டருக்கு எந்தப் பனி அகற்றும் கருவி பொருந்தும் என்று ஏழு கேள்வி கேட்கும். ஏழுக்கும் பதில் சொன்னால் கருவியின் படம் வரும். இதை எனக்கு அனுப்பியவர் நிவேதா. நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவர், சென்னைக்காரர். "அங்கிள், இது உங்க கேள்வித்தாள்தானே? கடைசிக் கேள்வியைக் காணோமே" என்று எழுதியிருந்தார்.

என்னுடையதுதான். என் பெயர்தான் அதில் இல்லை, அதைப்பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் எட்டுக் கேள்வி எழுதிக் கொடுத்த இடத்தில் ஏழு நிற்கிறது. எட்டாவதை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நிவேதாவுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வயிறு எரிகிறவனால் இரண்டு வரியில் நிறுத்த முடியாது.

மன்னாரில் ட்ரக்டர் திருத்தப் படித்ததையும், இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததையும், ஏற்கெனவே தெரிந்த தொழிலை இங்கே அரிச்சுவடியிலிருந்து மறுபடி படிக்க வைத்ததையும் விரித்து எழுதினால் எனக்கே அலுக்கும். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் சின்ன ட்ரக்டர்கள் விற்கும் ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். முதலில் திருத்துமிடம். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இணைப்புக் கருவிகளின் மேசை. ட்ரக்டரை வாங்குகிறவர்கள் அதன் முன்னும் பின்னும் எதைக் கொளுவுவது என்று கேட்டு வருவார்கள். புல்லு வெட்டவா, குழி தோண்டவா, மண் அள்ளவா என்று கேட்டுப் பொருத்தமானதைச் சொல்வது என் வேலை. பெனடிக்ற் என்ற பெயரை முதல் நாளே பென் ஆக்கிவிட்டார்கள்.

மனேஜர் கிரெக். அந்த மனிதரின் விசேஷம் என்னவென்றால், அவருக்கு இமெயில் அனுப்பினால் பதில் நடந்து வரும். எழுத்தில் ஒரு நாளும் வராது. கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து, மேசை ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் வைத்து உட்கார்ந்து, பிள்ளைகள் சுகமா என்று கேட்டு, கடைசியில் "அதை என்னிடம் விடு, பென்" என்பார். எழுந்து போகும்போது தோளில் இரண்டு தட்டு. குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. நல்ல மனிதர் என்று வீட்டிலே ஐந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பனிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பரி என்பவர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது, கிரெக் கோப்பையோடு என்னிடம் வந்தார். உனக்குக் கனடாவில் ஒரு தம்பி இருக்கிறான் அல்லவா என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். அப்படியென்றால் இனிமேல் பனி உன்னுடையது என்றார். அவ்வளவுதான் தெரிவு. நான் அதுவரை பனியைக் கண்ணால் கண்டதில்லை. நான் குடியிருக்கும் கிரவீனில் விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் படிவதைச் சுரண்டியிருக்கிறேன், அது போதுமென்று நினைத்தேனோ என்னவோ. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வெள்ளையர் இருக்க என்னைத் தெரிவுசெய்தார்களே என்ற புளுகம், பெருமை. வென்ட்வேர்த்வில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். "மன்னார் வெயிலில காய்ஞ்சவன் பனிக்கு மனேஜராம்" என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். அந்தப் பகிடியில் இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

சிட்னியில் பனி விழுவதில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் தெற்கே ஐந்தாறு மணித்தியாலம் ஓடினால் வரும் மலைப்பக்கத்துக்காரர். டெரன்ஸ் அவர்களில் ஒருவர். ஜிண்டபைன் ஊருக்கு மேலே, பனியில் சறுக்க வருபவர்கள் தங்கும் ஒரு சிறிய விடுதியின் பராமரிப்பாளர். அவரும் மனைவி ரொபினும் விடுதியின் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். விடுதிக்கு ஏறும் சரளைப் பாதையையும் கார் நிறுத்துமிடத்தையும் காலையில் விருந்தினர் எழும்ப முன்பு துப்புரவாக்குவது அவர் பொறுப்பு. எங்களிடம் வாங்கிய இருபத்தைந்து குதிரைவலு ட்ரக்டர் இருந்தது. முன்னுக்குப் பொருத்துகிற, பனியைத் தள்ளும் பிளேட் ஒன்று வேண்டும் என்று ரெலிபோனில் கேட்டார். பரி அதைத்தான் சொன்னாராம்.

அப்போதே பிளேட்டை எழுதி அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் என்ன செய்தேன்? ஒரு நாள் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். என் தம்பி ராஜன் ரொறன்ரோவில் மாரி காலத்தில் பனி தள்ளும் வேலைக்குப் போகிறவன். எங்கள் சனத்தில் யாருக்கு எது தேவைப்பட்டாலும் கனடாவில் ஒருவர் இருப்பார், அவர் சொன்னால் அது வேதவாக்கு. அவனுக்கு எடுத்தேன்.

"பிளேட்டை விடுங்கோ அண்ணை. தள்ளித் தள்ளி ரெண்டு பக்கமும் மதில் மாதிரி எழும்பிடும். பிறகு தள்ள இடமிராது. ப்ளோவரைப் போடச் சொல்லுங்கோ. அது அள்ளித் தூர வீசும்."

"இஞ்சத்தைப் பனிக்கும் சரிவருமோ?"

"பனி எண்டால் பனிதானே அண்ணை."

எவ்வளவு விழும், பாதை எவ்வளவு நீளம், சாய்வு எப்படி என்றெல்லாம் இருவரும் கதைத்தோம். பனி ஈரமா, காய்ந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? பனி என்று நாங்கள் பழகிய சொல்லே ஈரமானது. மார்கழி விடியலில் பனி பெய்யுது, தலையில் துணியைக் கட்டு என்று அம்மா கத்துவாள். பனியில் நனைந்தால் தடிமன் வரும். பனி ஈரமா என்று கேட்பதும் தண்ணீர் ஈரமா என்று கேட்பதும் எங்களுக்கு ஒன்றுதான். இங்கிலிஷில் கதைத்திருந்தால் ஒருவேளை அவன் வாயில் அந்தக் கேள்வி வந்திருக்கும். தமிழில் கதைத்தபடியால் வரவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ப்ளோவர் என்றதும் டெரன்ஸ் தயங்கினார். நான் கனடாவை இழுத்தேன். கனடாவே அப்படிச் சொல்கிறது என்றால் சரி என்று ஒப்புக்கொண்டார். ப்ளோவரைத் தெரிவுசெய்து ஓடர் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

முதல் பெரும் பனி விழுந்த வாரமே டெரன்ஸிடமிருந்து ரெலிபோன் வந்தது. குழாய் அடைக்கிறது என்றார். ப்ளோவரில் பனியை அள்ளி மேலே வீசுகிற குழாய் ஒன்று உண்டு, அதன் அடியில் ஒரு விசிறி சுற்றும். அடைத்தால் இறங்கிப்போய்க் கிண்டி எடுக்க வேண்டும். எத்தனை தடவை அடைக்கிறது என்று கேட்டேன். பத்து அடிக்கு ஒரு தடவை என்றார். அவர் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கிரெக்கிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான் பனியை முதன்முதல் கையால் தொட்டேன். ராஜன் அனுப்புகிற வீடியோக்களில் அது வறுத்த மா போல உதிர்ந்து பறக்கும். இது குழைத்த மா. கையில் எடுத்துப் பொத்தினால் விரல் அடையாளம் பதிந்து, இடுக்கால் தண்ணீர் வடிந்தது. இங்கே குளிர் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். விழுகிற பனி பாதி தண்ணீராகவே விழும். டெரன்ஸின் ட்ரக்டருக்கு இதை அள்ளி வீச வலு போதாது. நான் ஆசனத்தில் ஏறி ஓட்டிப் பார்த்தேன். பத்து அடி இல்லை, எட்டு அடியில் அடைத்தது.

அடைப்பு எடுக்கும் முறையை நானே செய்து காட்டினேன். விசிறியைச் சுழற்றுகிற தண்டின் நெம்புகோலை அணை. எஞ்சினை நிறுத்து. சாவியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போடு. இறங்கு. விசிறி நின்றுவிட்டதா என்று கண்ணால் பார். தடியால் மட்டும் கிண்டு, கையை விடாதே. நெம்புகோலை மட்டும் அணைத்தால் போதாது, குளிரில் எண்ணெய் தடித்துக் கிடக்கும், அணைத்த பிறகும் தண்டு மெதுவாக இழுபட்டுச் சுற்றும் என்றேன். டெரன்ஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். மூன்று தரம் நாங்கள் சேர்ந்து செய்தோம். மூன்றாம் தரம் எஞ்சின் திரும்ப எழும்ப மறுத்தது, பற்றரி குளிரில் முனகியது. அவர் என்னைப் பார்த்தார். பாதை இன்னும் முக்கால்வாசி கிடந்தது. எட்டு அடிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பைக்குள் போடுகிற மனிதன் உலகத்தில் இல்லை. அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. ரொபின் தேநீர் கொண்டுவந்து தந்தார். விருந்தினர் ஒன்பது மணிக்குப் போக வேண்டும், டெரன்ஸ் ஐந்து மணிக்கே எழும்புகிறார் என்றார். குறையாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்றே கிரெக்குக்கு இமெயில் எழுதினேன். தெரிவு பிழை, பிழை என்னுடையது, ப்ளோவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பிளேட்டைக் கொடுக்க வேண்டும், அதுவரைக்கும் அவர் அந்த ப்ளோவரைப் பாவிப்பது ஆபத்து என்று எழுதினேன். ஆபத்து என்ற சொல்லைப் போட்டிருந்தேன். பதில் கோப்பையோடு நடந்து வந்தது. பிள்ளைகள் சுகமா. பருவம் நடக்கும்போது பாவித்த கருவியைத் திருப்பி எடுப்பதில்லை, குழாய்க்குள் வழுக்கும் எண்ணெய் அடிக்கச் சொல், பனிக்காலம் முடிகிற செப்ரெம்பரில் பார்ப்போம். அதை என்னிடம் விடு, பென். தோளில் இரண்டு தட்டு.

விட்டேன். டெரன்ஸுக்கு எடுத்து எண்ணெய் அடிக்கச் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஈரப்பனியில் அந்த எண்ணெய் அரை மணித்தியாலம் தாங்காது. அவர் சரி என்றார். நன்றியும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ரொபின் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தார். டெரன்ஸ் நெம்புகோலை அணைத்திருக்கிறார். எஞ்சினை நிறுத்தவில்லை. தடி எங்கேயோ பனிக்குள் புதைந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கையை விட்டிருக்கிறார். அடைத்த பனி இளகியதும் விசிறி மெதுவாகச் சுற்றியிருக்கிறது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. நான் ரெலிபோனை வைத்தேன். கிரெக் கோப்பையோடு வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு அவர் வரவில்லை.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்கக் காப்புறுதிக்காரர் வந்தார்கள். அவர்கள் வர முன்பு கிரெக் என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள், அச்சடித்து ஆயத்தமாக இருந்தது. அவர் எழுத்தில் எனக்குத் தந்த ஒரே கடதாசி அதுதான், அதிலும் அவர் பெயர் இல்லை. மூன்று வரி. வாடிக்கையாளரின் இடத்துக்கு நான் நேரில் போனேன். அடைப்பு எடுக்கும் முறையைச் செய்து காட்டினேன். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுக்க வேண்டும் என்பதை அவர் விளங்கிக்கொண்டதாகச் சொன்னார். மூன்றும் உண்மை. ஒரு எழுத்துப் பொய் இல்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

ப்ளோவரைத் திருப்பி எடுக்கச் சொல்லி நான் எழுதியது இதில் இல்லையே என்றேன்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பென். அதை அவர்கள் கேட்கமாட்டார்கள்" என்றார் கிரெக். பிறகு பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டார். அந்த நேரத்தில் ஏன் கேட்டார் என்று விளங்காத அளவுக்கு நான் மடையன் இல்லை.

அவர்கள் கேட்கவில்லை. நான் கையெழுத்து வைத்தேன். இமெயிலின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வேத புத்தகத்தின் அடியில் வைத்தேன்.  கிழித்துப் போடவும் தைரியம் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் தைரியம் இல்லை. மனைவி ஜெசிந்தா கண்டுவிட்டாள். வாசித்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"அந்த மனுசனிட்டைக் கொண்டே குடுங்கோ" என்றாள்.

"வேலை போயிடும்."

"அந்தாளுக்கு ஏற்கெனவே போட்டுது."

போய்விட்டதுதான். அறிவுறுத்தலை மீறிய விபத்து என்று முடிவு செய்தார்கள். மூன்று விரல் இல்லாத கையோடு விடுதிக்கு அவர் தேவைப்படவில்லை. வேலையோடு வீடும் போனது. கூமாவில் ரொபினின் தங்கை வீட்டுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் டெரன்ஸ் எனக்கு ரெலிபோன் எடுத்தார். கொம்பனிக்கு இல்லை, என் கைத்தொலைபேசிக்கு. அந்த இலக்கத்தை மலையில் நின்றபோது நானே கொடுத்திருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பென், ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு நீ திரும்பிப் போனபிறகு, அதைத் திருப்பி எடுக்கச் சொல்லி அவர்களிடம் கேட்டாயா?"

அதைப்பற்றி நான் கதைக்க முடியாது என்றேன். அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.  சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரிடம் வக்கீல் பிடிக்கக் காரணம் இருந்திருக்கும். அதைவிட, தன்னை ஒருவன் மனிதனாக மதித்தான் என்றாவது தெரிந்திருக்கும். என் வாயில் அந்த ஓம் வரவில்லை. இனிமேல் பனி உன்னுடையது என்று கிரெக் சொன்னபோது அவ்வளவு இலகுவாக வந்த ஓம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வித்தாளை எழுதினேன். தண்டுக்கு வருகிற வலு எவ்வளவு, எஞ்சின் வலு அல்ல. முன்பக்கம் எவ்வளவு பாரம் தூக்கும், பின்னால் அதற்கு எதிர்ப்பாரம் உண்டா. பிளேட்டைச் சரித்து வைத்தாலும் சில்லுகளின் அகலத்தை மூடுமா. தரை சரளையா சீமெந்தா. சாய்வு எவ்வளவு, சில்லுக்குச் சங்கிலி உண்டா. தள்ளிய பனியை எங்கே விடுவது. ஓட்டுவது யார், தனியாகவா. எட்டாவது, பனி ஈரமா காய்ந்ததா. அதன் கீழே, பனியைக் கையில் எடுத்துப் பொத்திப் பாருங்கள், தண்ணீர் வடிந்தால் ப்ளோவர் தரமாட்டோம் என்று எழுதினேன். தரமாட்டோம். அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி கிரெக் நாலு தரம் நடந்து வந்தார். எழுத்தில் தாருங்கள், மாற்றுகிறேன் என்றேன். எழுத்தில் தரமாட்டார் என்று தெரியும். ஓய்வு பெறும்வரை அந்தச் சொல் நின்றது. ஈரப்பனிக்காரர் ஒருவருக்கும் நான் ப்ளோவர் விற்கவில்லை. என்னை வைத்துச் சிரித்தார்கள். ஒவ்வொரு வருடமும் என்னைத் தாண்டி மற்றவர்களுக்குப் பதவி உயர்வு வந்தது. வீரம் என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதை அவரிடம் கொடுக்காமல் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரியாவிடை அன்று கிரெக் பேசினார். பென்னுக்குப் பனி இரத்தத்தில் ஊறியது, குடும்பமே கனடா என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பனிமனிதன் படம் போட்ட தேநீர்க் கோப்பை ஒன்று தந்தார்கள். அது எங்கள் குசினியில் பல்லுக் குத்தும் ஈர்க்குகள் வைக்கப் பயன்படுகிறது.

வேலை போகும் என்ற பயம் அன்றோடு முடிந்தது. இனி என்ன தடை என்று ஜெசிந்தா கேட்டாள். நானும் அதைத்தான் என்னையே கேட்டேன். பிரதியை எடுத்து ஒரு உறைக்குள் போட்டு, கூமா விலாசம் தேடினேன். பழைய வாடிக்கையாளர் ஒருவரைக் கேட்டபோது அவர் சொன்னார், டெரன்ஸ் காலமாகி இரண்டு வருடமாம். நெஞ்சு வருத்தம். உறை அலுமாரிக்கே திரும்பிப் போனது.

நிவேதா அனுப்பியதை நேற்றுக் காலை திறந்தேன். ஏழு கேள்விக்கும் டெரன்ஸின் பதில்களைக் கொடுத்தேன். ஒன்றும் மறக்கவில்லை. இருபத்தைந்து குதிரைவலு. சரளை. சாய்வு உண்டு. ஓட்டுவது ஒருவர், தனியாக. ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ப்ளோவரின் படம் வந்தது. நிறம் மட்டும் புதிது.

கீழே, இந்தப் பதில் உதவியதா என்று கேட்டிருந்தது. இல்லை என்பதைத் தொட்டேன். ஏன் என்று எழுத ஒரு சின்னப் பெட்டி திறந்தது. ஈரப்பனியைப் பற்றி எழுதத்தான் தொடங்கினேன். கை வேறொன்றை எழுதியது. ஓம் டெரன்ஸ், கேட்டேன், எழுத்தில் கேட்டேன், பிரதி என்னிடம் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.

உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. அதன் கீழே அந்த ப்ளோவர் அப்படியே நின்றது.